ஏட்டி என்று ஒரு தடவை

மே 13, திங்கள்

இன்று நெத்திலி மலிவு. அம்மா ஏலத்தில் இரண்டு கூடை எடுத்துவிட்டாள். அலசி, உப்புப் போட்டு, கடற்கரையில் பழைய வலையை விரித்துப் பரப்பி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப் போனது.

மதியம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏட்டி அமலி" என்று கூப்பிட்டேன். எப்போதும் போல மெதுவாகத்தான். அடுப்படியிலிருந்து பவுலின் மாமி வெளியே வந்தாள். அமலியின் அம்மா. கையில் கரண்டி இருந்தது.

"இங்க பாரு பிள்ள. இனி அவள ஏட்டி, போட்டின்னு யாரும் சொல்லக்கூடாது. மடத்து உடுப்புப் போட்டா சிஸ்டர். பெத்த நானே வாங்க, போங்கன்னுதான் சொல்லணும். இப்பமே சொல்லிப் பழகுனாத்தான் அப்பம் வாயில வரும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. சரி என்று தலையாட்டினேன்.

உள்ளேயிருந்து அமலியின் சத்தம். "யம்மா, சிஸ்டருக்குப் பசிக்கு. சிஸ்டருக்கு இன்னொரு துண்டு மீனு வைங்க."

"கொழுப்பப் பாரு அவளுக்கு" என்றாள் மாமி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அவங்களுக்கு" என்றாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும் வரைக்கும் நாங்கள் ஒரே பெஞ்சு. அவள் பன்னிரண்டு முடித்துவிட்டு, கன்னியாஸ்திரி ஆவதற்குப் போன வருஷம் திண்டுக்கல் பக்கம் ஒரு மடத்தில் சேர்ந்தாள். இப்போது லீவுக்கு வந்திருக்கிறாள். அடுத்த வாரம் புதன்கிழமை மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்து கூட்டிப் போவார். இந்தத் தடவை போனால் நவதுறவு என்கிற பயிற்சி. இரண்டு வருஷம் வீட்டுக்கு விட மாட்டார்கள். பேரையும் மாற்றிவிடுவார்களாம்.

இந்த நோட்டு அவள் போன வருஷம் கொடுத்தது. "உனக்குப் பேசத்தான் வராது. எழுதவாவது செய்யி" என்றாள். ஒரு வருஷமாக ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

மே 14, செவ்வாய்

அமலி என்னோடு கருவாட்டுக் காவலுக்கு வந்தாள். மாமிக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் முகம் கறுத்துப் போகும், மடத்தில் என்ன நினைப்பார்கள் என்றாள். "ஆண்டவர் கலர் பாக்க மாட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு அமலி செருப்பில்லாமல் மணலில் இறங்கிவிட்டாள்.

நான் காக்காய் விரட்ட ஒரு நீளக் கம்பு வைத்திருக்கிறேன். நுனியில் கறுப்புக் கவர் கட்டியிருக்கும். அதை ஆட்டுவேன். காக்காய்களுக்கு அது பழகிப்போய்விட்டது. இன்று ஒரு காக்காய் அந்தக் கம்பின் நுனியிலேயே வந்து உட்கார்ந்தது. அமலி மணலில் விழுந்து சிரித்தாள்.

"வாயத் தொறந்து கத்துட்டி. காக்காகிட்டக்கூடவா வெக்கம்?"

"ஆளு இருக்கு."

"எங்க? அந்தா அவ்வளவு தூரத்துல சாள காயப்போடுதாளே லூர்து மைனி, அவளா? அவளுக்குப் பக்கத்துல நின்னு கூப்ட்டாலே காது கேக்காது."

அவள் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகில் வைத்து, "ஏய்ய்ய்ய்" என்று ஒரு சத்தம் போட்டாள். காக்காய்க் கூட்டம் மொத்தமும் எழும்பியது. லூர்து மைனியும் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஒரு தடவ" என்றாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். எழுந்து படி என்று சார் சொன்னால் எழுத்தெல்லாம் தெரியும், சத்தம் வராது. அமலி பக்கத்திலிருந்து, "சார், அவளுக்குத் தொண்ட கட்டியிருக்கு" என்பாள். ஒன்பதாம் வகுப்பு முழுக்க எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பத்தாம் வகுப்பில் அவளை வேறு பிரிவில் போட்டார்கள். நான் நின்றுவிட்டேன். அம்மாவுக்குக் கருவாட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னோம். அதுவும் உண்மைதான்.

மே 15, புதன்

மே மாதம் மாதாவின் மாதம் என்பதால் எங்கள் தெருவில் தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் செபமாலை. இன்று அமலி வீட்டில். வாசல் வரைக்கும் ஆள். மாமி புதுச் சேலை கட்டியிருந்தாள். செபத்தை அமலிதான் தொடங்க வேண்டும் என்றார்கள்.

செபமாலையில் கிழமைக்குத் தகுந்த தேவரகசியம் உண்டு; புதன்கிழமைக்கு மகிமை. அமலி செவ்வாய், வெள்ளிக்குரிய துயரத்தைத் தொடங்கினாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமி இருமினாள். அப்புறம்தான் அமலி நிறுத்தி, "மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு மாற்றினாள். லீவில் வந்தால் கிழமை மறந்துபோகும். எனக்கும் மறந்துபோகும்.

முடிந்ததும் சுண்டல் கொடுத்தார்கள். மாமி அந்தக் கதையைச் சொன்னாள். கூட்டம் சேர்ந்தால் சொல்லுவாள். அமலிக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவள் அப்பா சூசை மாமா போன வள்ளம் புயலில் மாட்டிக்கொண்டது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அடக்கப் பூசைக்குச் சொல்லலாமா என்று ஊரில் பேச்சு வந்துவிட்டது. மாமி மாதா கோயில் தரையில் குப்புற விழுந்து கிடந்து, "அவரக் கரையில கொண்டு வந்து விடு தாயே. எம் பிள்ளைய ஒனக்கே தாறேன்" என்று நேர்ந்துகொண்டாள். மறுநாள் வேறு ஊர்க்காரர்களின் போட் மாமாவை ஏற்றிக்கொண்டு வந்தது.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன்" என்று மாமி கண்ணைத் துடைத்தாள். எல்லாரும் அமலியைப் பார்த்தார்கள். அமலி சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். என் காதருகில் வந்து, "உவரி கோயிலுக்கு நேந்து விட்ட கெடா பாத்திருக்கியா? கழுத்துல மாலையோட அது பாட்டுக்குத் தழை தின்னுக்கிட்டு நிக்கும்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கோயில் சுவருக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து மாமி அழுதது கேட்டது. அமலி என்னிடம், "எங்கம்மா என்னைய யாருக்குட்டி குடுக்கா?" என்று கேட்டாள்.

மே 16, வியாழன்

மழை வருவது போல இருட்டியது. கருவாட்டை எல்லாம் அள்ளி உள்ளே போட்டோம். பெய்யவில்லை.

மே 17, வெள்ளி

மாமி விடாமல் பழகிக்கொண்டிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். "குளிச்சியாட்டி" என்று தொடங்கி "குளிச்சீங்களா" என்று முடிக்கிறாள். சூசை மாமாவுக்கு அதுவும் வரவில்லை. அவர் மகளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் "இந்தா" என்கிறார். அது மாமிக்கா அமலிக்கா என்று தெரியாமல் இரண்டு பேரும் வருகிறார்கள்.

மதியம் அமலி எங்கள் வீட்டுக்கு வந்து பாயில் படுத்தாள். அம்மா மீன் விற்கப் போயிருந்தாள்.

"அங்க ராத்திரி சத்தமே இல்லட்டி" என்றாள். "கடல் சத்தம் இல்லாமத் தூக்கம் வரல. மொதல்ல கொஞ்ச நாள் ஃபேன வேகமா வச்சு, அதக் கடலுன்னு நெனச்சுப் படுத்தேன். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் குளுரு. பாவம், போர்த்திக்கிட்டுப் படுத்துச்சு, ஒண்ணும் சொல்லல."

"நல்ல பிள்ளையா?"

"எல்லாரும் நல்லவங்கதான். மதர் நல்லவங்க. பால்வாடியில சின்னப் பிள்ளைங்க என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத் திரியும். திட்டுறதுக்கு ஒரு ஆளு கெடையாது. அதாங் கஷ்டம்."

நல்லவர்களாக இருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் தூங்கிவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். நான் சத்தம் வராமல் பாத்திரம் தேய்த்தேன்.

மே 18, சனி

சாயங்காலம் கரையில் ஏற்றி வைத்திருந்த சூசை மாமாவின் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தோம். அமலி காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

அப்புறம் சொன்னாள். "எனக்கு வேண்டாம்னு சொன்னா மதரு விட்டுருவாங்க. போன மாசம் கூப்ட்டு வச்சுக் கேட்டாங்க. ஒனக்கு முழு மனசு இருந்தா மட்டும் வா, இல்லன்னா வீட்டுல இருந்துக்கோ, ஒரு பாவமும் இல்லன்னாங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"மதரு சொல்லுவாங்க. ஆனா நான் திரும்பி வந்துட்டேன்னு வையி. அப்பா வள்ளத்துல ஏறுற ஒவ்வொரு நாளும் எங்கம்மா கடலப் பாக்க மாட்டா. என்னையத்தான் பாப்பா. காத்து கொஞ்சம் கூட வீசுனா என்னையப் பாப்பா. நான் சோறு தின்னா பாப்பா." வள்ளத்தின் பலகையில் காய்ந்திருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள். "நீ என்ன சொல்லுத?"

அலைச் சத்தம் அதிகமாக இருந்தது. அவள் கேட்டது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

மே 19, ஞாயிறு

பூசை முடிவில் பங்குச் சாமியார் அமலியைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டுச் சால்வை போட்டார். அமலி எல்லாரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நம் ஊரிலிருந்து பல வருஷத்துக்குப் பிறகு ஒரு தேவ அழைத்தல் என்றார். கோயில் முழுக்கக் கைதட்டினார்கள். மாமி அழுதாள். சூசை மாமா ஆம்பிளைகள் பக்கம் கடைசியில் தூணோடு நின்றார். அவர் கைதட்டினாரா என்று தூண் மறைத்ததால் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது அம்மா கேட்டாள். "ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"அவகிட்டப் போயி அழுது கிழுது மனசக் கலைச்சிராத. ஆண்டவர் கூப்ட்ட பிள்ளைய மறிக்கது பெரிய பாவம். போற பிள்ளைய நல்லபடியா, மரியாதையா அனுப்பணும்."

மரியாதை என்று சொன்னதும் பயம் வந்தது. புதன்கிழமை எல்லாரும் இருப்பார்கள். வாய் தவறி நான் ஏட்டி என்று சொல்லிவிட்டால் மாமி எல்லார் முன்னாலும் திருத்துவாள். அதனால் மசாலா அரைக்கும்போது தனியாகச் சொல்லிப் பார்த்தேன். வாங்க. உக்காருங்க. போயிட்டு வாங்க. அம்மி சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அரைத்து முடிப்பதற்குள் நன்றாக வந்துவிட்டது.

மே 20, திங்கள்

தண்ணீர்க் குடத்தோடு வரும்போது சூசை மாமா வேப்பமரத்தடியில் வலை தைத்துக்கொண்டிருந்தார். "பிள்ள, அந்த முனையக் கொஞ்சம் பிடி" என்றார். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பிடித்தேன். அந்த முனையைப் பிடிக்க ஆள் தேவையில்லை. மரத்தில் கட்டலாம்.

கொஞ்ச நேரம் தைத்தார். அப்புறம் வலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அமலி ஒங்கிட்டதான் எல்லாம் சொல்லுவா."

நான் வலை முனையை இழுத்துப் பிடித்தேன்.

"நான் கேக்கலாம். ஆனா எந்த வாய வச்சுக் கேக்க? என் உயிருக்குத்தான அவளக் குடுத்தது. நான் போயி, ஒனக்குப் பிடிச்சிருக்காம்மான்னு கேட்டா அவ என்ன சொல்லுவா? பிடிச்சிருக்குன்னுதான் சொல்லுவா." ஊசியை நிறுத்தினார். "நீ சொல்லு பிள்ள. அவ மனசாரத்தான போறா? இல்லன்னா சொல்லு. அவ அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன். என்ன வந்தாலும் பேசிக்கிடுதேன்."

மாமா நாளைக்கும் கடலுக்குப் போகிறவர். மனதில் ஒரு பாரத்தை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகக்கூடாது. அம்மா ஞாயிற்றுக்கிழமை சொன்னதும் ஞாபகத்தில் இருந்தது. அதோடு, இவ்வளவு பெரிய விஷயத்தை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை.

தலையாட்டினேன்.

"மனசாரத்தானா?"

மறுபடியும் ஆட்டினேன்.

"நல்லது" என்றார். அடுத்துப் போட்ட முடிச்சுக் கோணலாக விழுந்தது. அதைக் கத்தியால் அறுத்துவிட்டு மறுபடி போட்டார். அதுவும் கோணல். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது.

மே 21, செவ்வாய்

அமலி பெட்டி அடுக்கினாள். மடத்தில் சொன்னபடி வெள்ளையும் சாம்பல் நிறமும்தான். நான் மடித்துக் கொடுத்தேன். மாமி ஊளிக் கருவாடு வறுத்துப் பொட்டலம் கட்டினாள். "வழியில தின்னுங்க" என்றாள். இன்று ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மாமிக்குப் பழகிவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் அமலி, "கரைக்கு வா" என்றாள். வள்ளம் கடலில் இருந்ததால் மணலில் உட்கார்ந்தோம்.

"அப்பா இன்னைக்கு எங்கிட்ட வந்து நின்னாரு" என்றாள். "என்னமோ கேக்க வந்தாருன்னு நெனச்சேன். 'கித்தேரி சொல்லிச்சும்மா, எனக்கு இப்பம் நிம்மதியா இருக்கு'ன்னாரு. நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நெசமா நீ ஒண்ணும் சொல்லியிருக்க மாட்ட" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு நண்டு எங்கள் காலுக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டித் தோண்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தது. அதையே பார்த்தோம்.

"கித்தா" என்றாள். என் பெயர் கித்தேரி. பழைய பெயர். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். அமலி கித்தா என்று சுருக்கினாள். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நாளைக்கு நான் ஆட்டோவுல ஏறுவேன்ல. அப்பம் நீ எல்லாரு முன்னாலயும் என்னைய ஏட்டின்னு ஒரு தடவ கூப்டு."

"மாமி ஏசுவாங்க."

"ஏசட்டும். ஒரே ஒரு தடவ. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம், அழ வேண்டாம். ஏட்டி. அவ்வளவுதான்."

"கூப்ட்டா?"

"திரும்பிப் பாப்பேன்."

"பாத்துட்டு?"

"நின்னுருவேன்" என்றாள். "நானா நிக்க முடியாது கித்தா. நானா நின்னா அது நான் எங்கப்பாவக் கடல்ல தள்ளுன மாதிரி. யாராவது ஒருத்தர் கூப்ட்டா நிக்கலாம். அம்மா கூப்ட மாட்டா. அப்பாவுக்கு நிம்மதி வந்துட்டு. நீதான் இருக்க."

சரி என்று தலையாட்டினேன்.

"தலையாட்டாத. தலையாட்டுறத நான் நம்ப மாட்டேன்."

"சரிட்டி" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தலையில் கருவாட்டு வாசனை அடித்தது. மடத்துச் சோப்பு வாசனை போய்விட்டது. இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் அவள் பழையபடி ஆகிவிட்டாள். இதை நான் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

மே 22, புதன்

காலையில் அடுப்புப் பற்ற வைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். ஏட்டி. ஏட்டி. வந்தது. தண்ணீர் தூக்கும்போது சொன்னேன். வந்தது. அம்மா, "என்ன முணுமுணுக்க?" என்றாள். "செபம்" என்றேன்.

பத்து மணிக்கு மடத்திலிருந்து சிஸ்டர் வந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர். பஸ்ஸில் வந்த களைப்பில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. மாமி கொடுத்த சர்பத்தைக் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான கித்தேரி? அமலி உங்களப் பத்திப் பேசாத நாள் கிடையாது. நல்லாருக்கீங்களா? நீங்க அவளுக்காக வேண்டிக்கிடணும், என்ன?"

என்னை யாரும் நீங்க என்று சொன்னதில்லை. "சரிங்க சிஸ்டர்" என்றேன். "வேண்டிக்கிடுதேங்க." சத்தம் நன்றாகத்தான் வந்தது.

தெருவே கூடிவிட்டது. அமலி சாம்பல் நிறச் சுடிதார் போட்டுத் தலையைப் படிய வாரியிருந்தாள். ஒவ்வொருவராக அவள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். மாமி போட்டாள். என் அம்மா போட்டாள். லூர்து மைனி, காது கேட்காததால், கத்திக் கத்தி வாழ்த்தினாள். சூசை மாமா கடைசியாக வந்தார். கட்டைவிரலால் போட்ட சிலுவை பாதியில் நின்றது. "இந்தா" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. அமலி அவர் கையைப் பிடித்து மீதிச் சிலுவையை அவளே போட்டுக்கொண்டாள்.

என் முறை வந்தபோது நான் போடவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். அமலி என்னைப் பார்த்தாள். ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

சிஸ்டர் முதலில் ஏறினார். பெட்டி ஏறியது. அமலி ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்புறம் அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்தாள். செருப்புக் கொக்கியை மாட்டுவது போல இருந்தது. அந்தச் செருப்புக்குக் கொக்கி கிடையாது. நான்தான் அவளோடு போய் வாங்கினேன்.

ஆட்டோக்காரர் எஞ்சினைப் போட்டார். அவள் குனிந்தபடியே இருந்தாள்.

வாயைத் திறந்தேன். எல்லாருடைய முகமும் எனக்குத் தெரிந்தது. மாமியின் முகம் தெரிந்தது. சத்தம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வராத சத்தம்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா, நம்ம கித்தேரிக்கே வாய் வந்துட்டு! எவ்வளவு மரியாதையாச் சொல்லுது பாருங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். அம்மா என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அமலி நிமிர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். கோயிலில் சால்வை போட்டபோது சிரித்த அதே சிரிப்பு.

"சரிங்க" என்றாள் என்னிடம். "நீங்களும் ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ கோயில் முக்கில் திரும்பும் வரைக்கும் எல்லாரும் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மே 23, வியாழன்

சூசை மாமா கடலுக்குப் போகவில்லை. காத்து சரியில்லை என்றார். காத்து நன்றாகத்தான் இருந்தது.

மே 25, சனி

மறுபடியும் நெத்திலி. அம்மா ஒரு கூடைதான் எடுத்தாள். பரப்பிவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். கரையில் இன்று ஆள் அதிகம். லூர்து மைனி சாளை காயப்போட்டாள். வலைப் பக்கம் மூன்று நான்கு பெண்கள். இரண்டு பேர் உப்புச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காக்காய்கள் வந்தன. கம்பை ஆட்டினேன். போகவில்லை. ஒன்று என் காலுக்குப் பக்கத்திலேயே வந்து கொத்தியது. கம்பைக் கீழே போட்டேன். எழுந்து நின்று இரண்டு கையையும் வாயருகில் வைத்தேன்.

"ஏட்டி" என்று கத்தினேன்.

இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது என்று இன்றுதான் தெரிந்தது. காக்காய் எல்லாம் எழும்பிவிட்டது. கரையில் நின்ற பெண்கள் எல்லாரும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று, வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காது கேட்காத லூர்து மைனிகூடத் திரும்பிப் பார்த்தாள்.